நான் விடாத கிளட்ச்

ஜூன் 2, 2025 – திங்கள்

காலை ஷிப்ட். கம்பெனி பஸ் நாலு மணிக்குக் குன்றத்தூரில் இறக்கிவிட்டது. வீட்டு வாசலில் பழைய இரும்புக்காரரின் மூன்று சக்கர வண்டி. பக்கத்தில் என் கணவர் சிவசங்கர். என் பைக்கின் மேலிருந்த தார்ப்பாயை உருவிக் கீழே போட்டிருந்தார்.

"எடைக்கா போடப்போறீங்க?"

"பின்ன? கிளட்ச் செத்து ஒன்றரை வருசமா எடத்த அடைச்சிக்கினு கெடக்குது."

"நான் சரி பண்றேன்."

"எதுக்கு? இன்னொருத்தி காலை ஒடைக்கவா?"

இரும்புக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மனிதருக்கு இருந்த கூச்சம்கூட இவருக்கு இல்லை. வண்டியை நானே தள்ளி உள்ளே விட்டேன்.

ஜூன் 5 – வியாழன்

எழுதிவிடுகிறேன். இதுவரை இந்த நோட்டில்கூட எழுதியதில்லை.

இது மண்ணிலும் சகதியிலும் ஓட்டுவதற்கென்றே செய்த வெளிநாட்டு வண்டி. வண்டிக்கு இருபது வயது. கல்யாணமான வருடம் இருவருமாக வாங்கினோம். இதன் கிளட்ச்சுக்குக் கேபிள் கிடையாது, எண்ணெய்தான். கைப்பிடியை இழுத்தால் மேலே உள்ள சின்ன சிலிண்டர் எண்ணெயை அழுத்தும். அது குழாய் வழியே போய், எஞ்சின் பக்கம் இருக்கிற இன்னொரு சிலிண்டரைத் தள்ளும். வாங்கிய நாள் முதல் அதில்தான் தொல்லை. ஞாயிறுதோறும் வடக்குப்பட்டு தாண்டி, தண்ணீர் வற்றிய ஏரியில் பைக் கிளப் ஆட்களோடு ஓட்டுவோம். சிவாதான் கிளப் செயலாளர். ஓட்டுகிற பெண் நான் ஒருத்திதான். கம்பெனி லைனில் என் பக்கத்தில் நின்று ஒயர் கட்டிக்கொண்டிருந்த சத்யப்பிரியாவைக் கொடி பிடிக்கக் கூப்பிட்டேன். நான்தான் கூப்பிட்டேன்.

2024 ஜனவரி 28. பந்தயக் கோட்டில் நிற்கிறேன். முதல் கியர். கிளட்ச்சை முழுக்கப் பிடித்தபடி எஞ்சினை முறுக்குகிறேன். எதிரே சத்யா, கையில் கொடி. கொடி இறங்குவதற்கு முன்பே வண்டி பாய்ந்துவிட்டது. அவளுடைய இடது முட்டி.

"கங்கா பயந்துபோயி கையை விட்டுட்டா" — முதலில் சொன்னது சிவா. ஐந்து நிமிடத்தில் எல்லார் வாயிலும் அதுவே. நான் விடவில்லை என்றேன். ஒரு மாதம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு — விட்டிருப்பேனோ? இப்போது தெரியவில்லை. லைனில் ஒரு கனெக்டரைச் சொருகிவிட்டு மூன்று முறை பார்க்கிறேன். என் கையை எனக்கே நம்பிக்கையில்லை.

ஜூன் 8 – ஞாயிறு

மேல் சிலிண்டரின் மூடியைத் திறந்தேன். உள்ளே மூடியோடு ஒட்டியிருக்க வேண்டிய ரப்பர் உப்பி, சுருக்கம் விழுந்து, ஊறப்போட்ட அப்பளம் மாதிரி இருக்கிறது. எண்ணெய் ஏறக்குறைய இல்லை. கீழ் சிலிண்டரைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

ஜூன் 11 – புதன்

ஷிப்ட் முடிந்ததும் ஒரகடத்தில் தசரதன் அண்ணனின் லேத் பட்டறைக்குப் போனேன். கிளப் வண்டிகளுக்குச் சாமான் கடைந்து கொடுப்பவர். சிலிண்டரைப் பிரித்து உள்ளே எண்ணெய் கசியாமல் தடுக்கிற ரப்பர் சீலை ஊக்கால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது மினரல் ஆயில் ஊத்துற வண்டிம்மா. எவனோ பிரேக் ஆயில ஊத்திக்கீறான். இந்த ரப்பருக்கு அது வெசம். ஊதிப்போயி ஓரம் கிழிஞ்சிக்கீது பாரு."

"கிளட்ச்சப் பிடிச்சிக்கினே இருந்தா இன்னா ஆவும்ணா?"

"பிடிச்சி இன்னா பண்றது? எண்ணெ பின்னால கசிஞ்சிடும். உன் கை பிடிச்சிக்கினே இருக்கும், வண்டி அது பாட்டுக்குப் போவும்."

இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மறுபடி சொன்னார்.

வெளியே வந்து கன்டெய்னர் லாரிகள் போகிற சாலை ஓரத்தில் நின்று அழுதேன். சந்தோஷத்திலா? என்ன சந்தோஷம்?

ஜூன் 12 – வியாழன்

அந்த வண்டியைத் தொட்டவர்கள் இரண்டே பேர். நான் எண்ணெய் ஊற்றியதில்லை. விபத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம், "ஆயில் கொறஞ்சிருந்துச்சு, ஊத்திட்டேன்" என்றார் சிவா. காப்பி போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 15 – ஞாயிறு

காலையில் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் அந்த ரப்பர் சீலை வைத்தேன்.

"கிளட்ச் சீல். பிரேக் ஆயில்ல ஊறினது."

தலை நிமிரவில்லை. இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டார். ஆச்சரியப்படக்கூட இல்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அன்னிக்கு சாயங்காலமே. வண்டிக்குக் கீழ பூரா எண்ணெ."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா? செகரட்ரியே ஆயில மாத்தி ஊத்திட்டான்னு கிளப்ப இழுத்து மூடுவாங்க. கேசு என் மேல வரும். நீ பொம்பள. பயந்துட்டான்னா யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க."

பெருசா எடுத்துக்க மாட்டாங்களாம். பதினேழு மாசம்யா! ஊரு சொன்னத விடு, நீயே சொன்னியே. கறிவேப்பிலை தீய்ஞ்சா, பால் பொங்கினா, "கைய விடுறதே உனக்கு வேலை"ன்னு சிரிச்சியே. தெரிஞ்சிக்கினே சிரிச்சியா?

ஆஸ்பத்திரிக்குப் போய் சத்யாவைப் பார்க்க வேண்டும் என்றபோது, "போனா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்று தடுத்ததும் இவன். அவர் என்று எழுத இனி கை வராது.

ஜூன் 16 – திங்கள்

லீவு போடவில்லை. ஒரு ஒயர்கூடத் தவறவில்லை.

ஜூன் 29 – ஞாயிறு

சீலை மட்டும் மாற்றினால் போதும் என்றார் தசரதன் அண்ணன். எனக்குப் போதாது. பழையது எதுவும் அதில் இருக்கக் கூடாது. மேலே கைப்பிடியோடு புது லீவர் செட், புதுக் குழாய். கீழே கொஞ்சம் பெரிய சிலிண்டர். பெரிதாக இருந்தால் லீவர் லேசாகும். ஆனால் தள்ளுகிற தூரம் குறையும், கிளட்ச் முழுக்க விலகாமல் போகலாம். அதற்குத் தகுந்தாற்போல் உள்ளே தள்ளுகிற கம்பியைப் புதிதாகக் கடைந்து கொடுத்தார். முதல் கம்பி ஒரு மயிரிழை நீளம் கூட, கிளட்ச் வழுக்கியது. இன்று இரண்டாவது கம்பி.

கீழிருந்து ஊசியில்லாத சிரிஞ்சால் மினரல் ஆயிலை மேல்நோக்கி ஏற்ற வேண்டும். குமிழி வந்துகொண்டே இருந்தது. குழாயைத் தட்டித் தட்டி, மூன்று மணி நேரம். கடைசிக் குமிழி போனதும் லீவர் கல் மாதிரி நின்றது. அவன் இரண்டு முறை அந்தப் பக்கமாக வந்தான். நான் நிமிரவில்லை.

ஜூலை 6 – ஞாயிறு

காலை ஏழு மணிக்குத் தசரதன் அண்ணனின் மினி லாரியில் வண்டியை ஏற்றி ஏரிக்குப் போனேன். வேறு யாரும் இல்லை. கோடு போட்டிருந்த இடம் எனக்குத் தெரியும். அங்கேயே நின்று முதல் கியரைப் போட்டேன். ஒரே விரலால் கிளட்ச். எஞ்சினை முறுக்கிக்கொண்டு போனில் ஐந்து நிமிட டைமரை ஓடவிட்டேன்.

வண்டி ஒரு அங்குலம் நகரவில்லை.

நியூட்ரலுக்கு மாற்றிவிட்டுக் கையை எடுத்தேன். இத்தனை லேசான லீவர். சரியானதும் ஓட்டுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். அரைச் சுற்று போனேன். போதும் என்றிருந்தது. இனி இதை ஓட்டுவேன் என்று தோன்றவில்லை.

ஜூலை 13 – ஞாயிறு

வடக்குப்பட்டு. சத்யாவின் வீடு. அவள் அம்மா அம்சவல்லி கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். திறக்கவில்லை. "இப்பதான் வழி தெரிஞ்சிதா?"

சத்யா சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தாள். முட்டி சரியாக மடங்குவதில்லை. இரண்டு ஆபரேஷன். எட்டு மணி நேரம் நிற்க முடியாததால் வேலையும் போய்விட்டது. கேட்டின் இந்தப் பக்கம் நின்றே சொன்னேன் — பிரேக் ஆயில், சீல், சிவா மறைத்தது, நான் கையை விடவில்லை என்பது. சொல்லச் சொல்ல வேகமாகச் சொன்னேன். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி.

அவள் கடைசி வரை கேட்டாள்.

"கையா கிளட்ச்சான்னு நான் கேக்கவே இல்லியேக்கா. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரில இருந்தேன். கங்காக்கா வரும்னு வாசலையே பாத்துக்கினு இருந்தேன். அதுக்கும் யாராச்சும் ஆயில மாத்தி ஊத்திட்டாங்களா?"

போகாதே என்றான், போகவில்லை. காலில் விலங்கா போட்டிருந்தான்? எனக்கும் அது வசதியாக இருந்தது. அதுதானே உண்மை?

ஜூலை 20 – ஞாயிறு

கிளப் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். சீலையும் மேசையில் வைத்தேன். இருபது பேரில் எடுத்துப் பார்த்தது ஒருவர்.

"வூட்டு சண்டைய இங்க கொண்டாந்துட்டா" என்றான் சிவா. சிரித்தார்கள். "நடந்தது நடந்துபோச்சும்மா, இப்ப அத எதுக்குக் கிளறிக்கினு" என்றார் தலைவர். அதன் பிறகு அடுத்த வருடத்துக்கான செயலாளர் தேர்வு. மறுபடியும் அவன்தான். கை தட்டினார்கள்.

ஜூலை 27 – ஞாயிறு

வடக்குப்பட்டு. கேட் திறக்கவில்லை. அரை மணி நேரம் நின்றேன்.

ஆகஸ்ட் 3 – ஞாயிறு

இருங்காட்டுக்கோட்டையில் ரூம் கிடைத்தது. கார் கம்பெனிப் பெண்கள் மூன்று பேர், நான் நாலாவது. ஒரு பெட்டி, ஒரு குக்கர் எடுத்துவந்தேன். "எத்தினி நாளு இருந்துடுவ?" என்று அவன் கேட்டான்.

சாயங்காலம் வடக்குப்பட்டு. அம்சவல்லி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆகஸ்ட் 10 – ஞாயிறு

வண்டியை விற்றாயிற்று. தசரதன் அண்ணனுக்குத் தெரிந்த ஆள், வேலூர்ப் பக்கம். மினரல் ஆயில் மட்டும்தான் என்று நாலு முறை சொன்னேன். "புரிஞ்சிதுங்க மேடம்" என்று சலித்துக்கொண்டார். சலித்துக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 24 – ஞாயிறு

மழை. வடக்குப்பட்டில் கேட்டுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றேன். அம்சவல்லி வந்து, "செத்து கித்து வெக்காத, அதுக்கும் எங்கள சொல்லுவாங்க" என்று தாழ்ப்பாளை நீக்கினார். உள்ளே கூப்பிடவில்லை. சன்ஷேடுக்குக் கீழே நின்றேன். சத்யா ஸ்டூலில் உட்கார்ந்து முட்டியை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். இருபது முறை. ஒவ்வொரு முறையும் பல்லைக் கடிக்கிறாள். இதைப் பார்க்காமல்தான் ஒன்றரை வருடம் இருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். ஆயிலைப் பற்றியோ கையைப் பற்றியோ பேசவில்லை. அவள் எண்ணுவதை நிறுத்தவில்லை.

செப்டம்பர் 7 – ஞாயிறு

சத்யா ஏதோ கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். உட்கார்ந்து செய்கிற வேலையாகத் தேடுகிறாளாம். அம்மாவிடம் பேசுகிற சாக்கில் என் காதில் விழும்படி சொன்னாள்.

செப்டம்பர் 14 – ஞாயிறு

சன்ஷேடுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. யார் போட்டது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். லைனில் புது சூப்பர்வைசர் வந்திருப்பதைச் சொன்னேன். சத்யா "ம்" என்றாள். சிரிக்கவில்லை. கிளம்பி, கேட்டைச் சாத்தும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அடுத்த ஞாயிறு வராதக்கா. நாங்க அத்தை வூட்டுக்குப் போறோம்."