மந்திரி வீட்டு டீக்கா

பதௌ மாதம் 10, செவ்வாய்

இன்று தீஜ் விரதம். அம்மா விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எல்லாம் அப்பாவின் ஆயுளுக்காக. சிவப்புச் சேலையில், இப்போது விழுவேன் அப்போது விழுவேன் என்று கோயில் வரிசையில் நின்றாள். அப்பாவோ மந்திரிஜியின் மகளை விமான நிலையத்திலிருந்து அழைத்து வரப் போயிருந்தார். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டுக் கார்களை ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் ஒரு சைக்கிள் கிடையாது.

"உங்க மந்திரிஜி இன்னிக்கு ஒருநாள் லீவு குடுத்தா குறைஞ்சா போயிடுவாரு?" என்றேன், ராத்திரி அப்பா வந்ததும்.

"அவரு ஒரு வார்த்த சொன்னதாலதான் உனக்கு காலேஜ்ல சீட்டு. நன்றி கெட்டதனமா பேசாத, நானி." திட்டும்போதும் நானிதான், செல்ல மகள்தான்.

எனக்கு மார்க் இருந்தது. அதை இந்த வீட்டில் யார் நம்புகிறார்கள்.

பதௌ 19, வியாழன்

ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் அரசாங்கம் முடக்கிவிட்டது. டிக்டாக் மட்டும் பிழைத்தது. என்னோடு படிக்கும் பெம்பாவுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. கத்தாரில் இருக்கும் அவள் அப்பாவை வீடியோவில் பார்ப்பதுதான் அவர்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை. நேரில் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது.

இடைவேளையில் கேட்டாள்: "ரோஜினா, நீ அந்த வீட்டுக்குள்ள எல்லாம் போயிருக்கியே. திருடாத மந்திரின்னு ஒருத்தன் இருக்கானா?"

"எங்கப்பா அவர தெய்வம்னு சொல்வாரு."

"தெய்வத்துக்கு எத்தன காரு?"

"அஞ்சு."

சிரித்தாள்.

பதௌ 20, வெள்ளி

டிக்டாக்கில் போட்டுவிட்டேன்.

போன தசைன் பண்டிகையில் நான் எடுத்த படம். தசமி அன்று ஊரே தன் வீட்டுப் பெரியவர்களிடம் டீக்கா வாங்கும். நாங்கள் மந்திரிஜியிடம் போய் நிற்போம். முன்வாசலில் காண்டிராக்டர்கள், கட்சிக்காரர்கள். சமையலறைப் படியில் வேலைக்காரர்களின் குடும்பங்கள். படத்தில் அப்பா தரையில் மண்டியிட்டிருக்கிறார். மந்திரிஜி நாற்காலியில் இருந்தபடி அவர் நெற்றியில் சிவந்த அரிசியை அப்புகிறார். பின்னால் வீட்டுக்குள்ளேயே லிஃப்ட், ஐந்து கார்கள், வாசலில் இரண்டு வெள்ளைச் சிங்கச் சிலைகள். டீக்கா வாங்கிய கையோடு அப்பா என் காதில் ஒவ்வொரு வருஷமும் சொல்வது: "மந்திரிஜி மாதிரி பெரிய ஆளாகணும்."

அப்பாவின் முகத்தை ஒரு பூவால் மறைத்தேன். கீழே எழுதினேன்: 'சம்பளம் இவ்வளவுதான் என்கிறார். லிஃப்ட் எங்கே போகிறது?'

பயமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது.

பதௌ 21

நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

பதௌ 23, திங்கள்

போராட்டத்துக்கு காலேஜ் யூனிஃபார்மில் வாங்க, புத்தகப் பையோடு வாங்க என்றார்கள். யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகளைச் சுட மாட்டார்கள் என்று எல்லோரும் நம்பினோம். நானும்தான். பெம்பா டை கூடக் கட்டியிருந்தாள்.

நாடாளுமன்ற வாசலில் முதலில் தண்ணீர், பிறகு கண்ணீர்ப்புகை. பிறகு பட்டாசு மாதிரி ஒரு சத்தம். நான் பட்டாசு என்றே நினைத்தேன். பெம்பா உட்கார்ந்தாள். ஷூ லேஸ் கட்ட உட்கார்கிற மாதிரிதான் இருந்தது. "எந்திரிடி, எந்திரிடி"ன்னு தோளைப் பிடிச்சு இழுத்தேன். கழுத்திலிருந்து ரத்தம் கொப்பளிச்சு வந்து என் கைக்குள்ள... அந்த டை நனைஞ்சு கனத்துப் போச்சு. யாரோ பைக்கில் ஏற்றினார்கள். நடுவில் அவளை வைத்துப் பின்னால் நான் கட்டிப் பிடித்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நர்ஸ் அவள் கண்ணை மூடிவிட்டு அடுத்தவனைப் பார்க்கப் போய்விட்டாள்.

ராத்திரி டிவியில் மந்திரிஜி. ஊடுருவிய தீயசக்திகளாம். பெம்பாவா? கணக்குப் பரீட்சைக்கு பயந்து காய்ச்சல் வரவழைத்துக்கொள்ளும் பெம்பாவா தீயசக்தி?

கொன்னவனுங்க. கொன்னுட்டு முகத்தத் தொடச்சிக்கிட்டு டிவில வந்து உக்காந்திருக்கானுங்க.

பதௌ 24, செவ்வாய்

எழுதித்தான் ஆகவேண்டும். எழுதாவிட்டால் இதையும் வேறு மாதிரி மாற்றிச் சொல்லிவிடுவேன்.

ஊரடங்கு என்று பேர். தெரு முழுக்க ஆள். சிங்க வீடு, சிங்க வீடு என்று ஒரே கத்தல். வழி கேட்கவே தேவையில்லை, அந்த வாசலை என் படத்தில் பார்க்காதவன் இல்லை. நானும் போனேன். அப்பா காலையில் போன் செய்து, மந்திரிஜி ஹெலிகாப்டரில் போய்விட்டார், நான் கிளம்பிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். அவர் அங்கே இல்லை என்ற தைரியம்.

முதல் செங்கல் நான் எறிந்தது. யாரும் தள்ளிவிடவில்லை, என் கைதான். கறுப்புக் காரின் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. என்ன ஒரு இனிப்பு! பெம்பாவுக்கு, பெம்பாவுக்கு என்று அடுத்தடுத்து எறிந்தேன். வாசல் சாய்ந்தது. மாடியில் திரைச்சீலை பற்றிக்கொண்டது. சிங்கத்தின் தலையை ஒருவன் இரும்புக் கம்பியால் தட்டி உருட்டினான்.

காவல் கூண்டுக்குள்ளிருந்து ஒரு ஆளை இழுத்து வந்தார்கள். "மந்திரியோட நாய் இருக்குடா இங்க!" குப்புறப் போட்டு மிதித்தார்கள். கம்பியும் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. பெம்பாவுக்கும் சேர்த்து ஒண்ணு போடு என்றுதான் நான் நினைத்தேன். நினைத்தேன். அப்புறம்தான் அந்தப் பழுப்புக் கோட்டைப் பார்த்தேன், முழங்கையில் அம்மா ஒட்டுப் போட்ட கோட்டு.

"எங்கப்பாடா! எங்கப்பாடா அது! டேய் விடுங்கடா!"

மேலே விழுந்து படுத்துக்கொண்டேன். இரண்டு உதை எனக்கு விழுந்தது. அப்புறம் யாரோ, "அட, பொம்பளப் புள்ளடா" என்று நிறுத்தினான்.

பதௌ 26

வலது கை மூன்று இடத்தில் முறிவு. விலா எலும்பு இரண்டு. மண்டையில் பதினொரு தையல். ஆனால் ஆள் இருக்கிறார். தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்த விரதம் பலித்துவிட்டது என்கிறாள் அம்மா.

கிளம்பிவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னது பொய்யாம், அவள் பயப்படக் கூடாதென்று. "வாசலப் பாத்துக்க கட்கா, வந்துருவேன்" என்று மந்திரிஜி சொல்லிவிட்டுப் போனாராம். அதனால் நகரவில்லையாம்.

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்: "எம் பொண்ணு என்னத் தேடி நெருப்புக்குள்ள ஓடி வந்தா. இல்லன்னா நான் ஏது?"

நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு சுளையை அவர் வாயில் வைத்தேன்.

அசோஜ் மாதம் 2

மந்திரிஜியின் செயலாளர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நலம் விசாரிக்க என்று அப்பா எழுந்து உட்காரப் பார்த்தார்.

"அந்தப் படம் சமையக்கட்டுப் படியில நின்னு எடுத்தது. அங்க நின்னது உன் ஆளுங்க. கும்பலுக்கு வழி காட்டினது நீதான்னு புகார் குடுக்கச் சொல்லிட்டாரு."

"மந்திரிஜி அப்படிச் சொல்ல மாட்டாரு, சார்."

செயலாளர் போனைப் போட்டு அப்பாவின் காதருகே பிடித்தார். எனக்கும் கேட்டது. அதே டிவிக் குரல். "சோறு போட்ட வீட்டக் கொளுத்திட்டியேடா."

"நான் வாசல விட்டு நகரவே இல்ல, மந்திரிஜி." அப்பா இதை மூன்று தடவை சொன்னார். இரண்டாவது தடவையிலேயே லைன் கட்டாகிவிட்டது.

அசோஜ் 3

சொல்லவில்லை.

அசோஜ் 4

இன்றும் சொல்லவில்லை. மந்திரியைக் கேள்வி கேட்ட வீராங்கனை. நாலு லட்சம் பேர் முன்னால் கேட்டாள். ஒருத்தர் முன்னால் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம், அஞ்சு காரா?

அசோஜ் 6

அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அம்மா தசைனுக்கு மணலில் பார்லி விதைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை நிறைய மணல் இருக்கும்போதே சொன்னேன். படம் எடுத்தது நான். போட்டது நான். அன்றைக்கு உங்களைத் தேடி வரவில்லை, கும்பலோடு வந்தேன்.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "வண்டிக் கண்ணாடிய மொதல்ல ஒடச்சது யாரு? நான் கூண்டுக்குள்ள இருந்து சத்தம் கேட்டேன்."

"நான்தான்."

இடது கையால் அறைந்தார். காது இன்னும் இரைகிறது. பிறந்ததிலிருந்து என்னை அடித்ததில்லை. இன்னொன்று அடிக்கக் கை ஓங்கினார், விலா வலியில் அப்படியே மடிந்து கட்டிலில் சாய்ந்தார். பிடிக்கப் போன என்னைத் தள்ளிவிட்டார். அம்மா மணல் கையோடு இரண்டு பேருக்கும் நடுவில் நின்று அழுதாள்.

மதியம் படத்தின் கீழே என் பெயரைப் போட்டு எழுதினேன்: 'எடுத்தது நான். கட்கா டிரைவருக்கு எதுவும் தெரியாது. அவர் வாசலில் நின்று அடி வாங்கியவர்.' அதையே போலீஸ் ஸ்டேஷனிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செங்கல்லையும் சேர்த்துத்தான். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்து, "இதையும் எழுதணுமா, தங்கச்சி?" என்றார். எழுதுங்கள் என்றேன்.

அசோஜ் 11

ஜன்னலில் கல் விழுந்தது. கட்சிக்காரர்கள். பெம்பாவுக்காக நாங்கள் எறிந்த மாதிரியே குறி பார்த்து எறிகிறார்கள். அப்பா மீதான புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். என் மேல் வழக்கு, திகார் பண்டிகை முடிந்து விசாரணை.

அப்பா பேசவில்லை. தட்டை நான் வைத்தால் சாப்பிடுகிறார், அவ்வளவுதான்.

அசோஜ் 16, தசமி

காலையில் பெம்பாவின் வீட்டில் ஒரு விளக்கு ஏற்றிவிட்டு வந்தேன். நாற்பத்தொன்பது நாள் முடியும்வரை ஏற்ற வேண்டுமாம். அவள் அப்பா வந்திருந்தார். ஆறு வருஷம் கழித்து.

போனில் யாரோ ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். மந்திரிஜி வேறு ஏதோ வீட்டில், வேறு நாற்காலியில், டீக்கா கொடுக்கிறார். வரிசை இருக்கிறது. அப்பா படத்தை வாங்கிப் பார்த்தார். பெரிதாக்கியும் பார்த்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அரிசியையும் தயிரையும் சிவப்புப் பொடியையும் கொண்டுவரச் சொன்னார், அம்மாவிடம்.

நான் அவர் முன்னால் உட்கார்ந்தேன். இடது கையால் டீக்கா வைக்கக் கூடாது. வலது கை முழுக்க மாவுக்கட்டு, நுனியில் மூன்று விரல்தான் வெளியே தெரிகிறது.

"நான் வச்சு விடறேன்" என்றாள் அம்மா.

"இரு."

இடது கையால் மாவுக்கட்டைத் தூக்கிப் பிடித்து, அந்த மூன்று விரலால் அரிசியை அள்ளி என் நெற்றியில் வைத்து அழுத்தினார். வலியில் அவர் உதடு கோணியது. பாதி அரிசி என் மடியில் கொட்டியது. திரும்ப அள்ளி வைத்தார். காதோரம் பார்லி முளையைச் செருகினார். வழக்கமான வாழ்த்தைத் தொடங்கினார்: "நல்லா படிக்கணும். நூறு வருஷம் இருக்கணும்..."

மந்திரிஜி பெயர் வருகிற இடத்தில் நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. எனக்குத் தயிர் மூக்கில் வழிந்தது, துடைக்கவில்லை.

"போ நானி, கறி ஆறுது" என்றார்.

பத்து நாளைக்குப் பிறகு என்னிடம் பேசியது அதுதான். போய்ச் சாப்பிட்டேன்.