மூன்று சாட்சிகள்

9 பிப்ரவரி

அன்பு மருமகளுக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். கண் பரிசோதனைக்கு வந்தவனை இரண்டு நாள் ராஜாபோல வைத்துப் பார்த்துக்கொண்டாய். ரயிலுக்குக் கொடுத்துவிட்ட போர்வை என்னிடம்தான் இருக்கிறது.

ஒரு விஷயம். உன் அத்தை உயிரோடு இருந்திருந்தால் நேராகவே கேட்டிருப்பாள். எனக்கு வாய் வராமல் எழுதுகிறேன். முப்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். பாதி நேரம் தப்பாக இருக்கும், அது வேறு கதை.

உன் வாசலில் ஆண்கள் ஷூ ஒரு ஜோடி, பளபளவென்று. காலையில் எனக்குக் கொடுத்தது போக, சமையல் மேடையில் இன்னும் இரண்டு டம்ளர் டீ. போன வாரம் நீ போனில் பேசும்போது பின்னால் ஓர் ஆண் குரல். மூன்றையும் சேர்த்துப் பார்த்தேன்.

என் மகன் போய் நாலு வருஷம் ஆகிறது. உனக்கு முப்பத்திரண்டு வயது. யாராவது இருந்தால் மறைக்காதே அம்மா. எனக்குக் கோபமில்லை.

மாமா

17 பிப்ரவரி

அன்புள்ள மாமாவுக்கு,

ரத்த வங்கியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் கடிதத்தைப் படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை. பக்கத்து சீட் அக்கா பயந்துபோய், "வீட்ல யாருக்காவது முடியலையா?" என்று கேட்டார்.

போனில் கேட்டது ரேடியோ செய்தி. டீ, என் கை செய்கிற வேலை. இன்னும் இரண்டு டம்ளராகத்தான் போட வருகிறது. ஆறிப்போனதும் இரண்டாவதையும் நானே குடித்துவிடுவேன். அந்த ஷூ உங்கள் மகனுடையது மாமா. வீட்டில் நான் தனி என்று தெரியாமலிருக்க வாசலில் வைத்திருக்கிறேன். வாரம் ஒரு முறை பாலிஷ் போடுவேன்.

ஆக, உங்கள் மூன்று சாட்சியும் பொய். ஆனால் தீர்ப்பு சரி.

அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுக்க வருவார். ஊசி என்றால் பயம். சுவரைப் பார்த்துக்கொண்டே, வேனில் பிள்ளைகள் போட்ட சண்டையை எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். போன தடவை, "இவ்வளவு பயந்துக்கிட்டு ஏன் சார் வர்றீங்க?" என்றேன். கதவு வரை போனவர் திரும்பி வந்து, "கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்கத்தான் நாலு தடவையா வர்றேன்" என்றார்.

நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன். சரி என்று சொல்லிவிட்டால், அப்புறம் நான் உங்களுக்கு யார் மாமா? எனக்கென்று கடிதம் எழுத வேறு யாரும் இல்லை.

உங்கள் மருமகள்

24 பிப்ரவரி

அன்பு மகளுக்கு,

அந்த ஷூ வாங்க அவனோடு கடைக்குப் போனவன் நான். "ஒரு சைஸ் பெருசா எடுடா" என்று சொன்னவனும் நான்தான். இரண்டு நாள் அதைத் தாண்டித் தாண்டி நடந்தேன், அடையாளம் தெரியவில்லை. கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிறகு ஏன் தெரியவில்லை என்று உன் கடிதம் வந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

உனக்கென்று ஒருவர் வர மாட்டாரா என்று நாலு வருஷமாக உன் கடிதங்களைத் துருவித் துருவிப் படிக்கிறேன். அந்த நினைப்போடு வந்து நின்றவனுக்குச் சொந்த மகனின் ஷூகூட வேறு யாருடையதோ என்றுதான் தெரிந்திருக்கிறது. கண்டுபிடித்தேன் என்று எழுதியதெல்லாம் சும்மா. ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

நீ எனக்கு யார் என்று கேட்டாய். இந்தக் கடிதத்தின் முதல் வரியை இன்னொரு முறை படி.

அவர் அடுத்த முறை ரத்தம் கொடுக்க வரட்டும் என்று காத்திருக்காதே. நாளைக்கே பள்ளி விடும் நேரத்தில் கேட் பக்கம் போய் நில். பிள்ளைகள் எல்லாம் சண்டை ஓய்ந்து ஏறி உட்கார்ந்தபின் சரி என்று சொல். பாவம், ஏற்கெனவே பயந்த மனிதர்.

அப்பா