வாசலில் நிற்கும் போதகர்

சின்னக்கானல்,
15-7-1974

அன்பு நண்பன் பொன்ராஜுக்கு,

சுருளிவேல் எழுதுவது. ராமுத்தாயும் குழந்தையும் சுகம். பெண் பிள்ளை. கோவில்பட்டியில் அக்கா வீட்டில் நீயும் சுகம்தானே? இங்கே மழை விட்டபாடில்லை. தேயிலைக் கொழுந்துக் கூடையோடு வழுக்கி விழாதவர்கள் நம் லயத்து வரிசை வீடுகளில் யாருமில்லை.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பிய பிறகுதான் நீ ஊரைவிட்டுப் போன சேதி தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வராமல் சாராயக்கடைக்குப் போனாய் என்று யாரோ சொன்னதை நம்பி, மறுவாரம் போதகர் ஏசுரத்தினம் சபை நடுவில் உன் பெயரைச் சொன்னாராம். தப்புச் செய்தவர்கள் நிற்கும் வாசலோரத்தில் நிற்கச் சொன்னாராம். நீ ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனாயாம். ஏனப்பா உனக்கு இத்தனை ரோஷம்? வலியெடுத்த என் பெண்டாட்டியை மூணாறுக்குக் கொண்டுபோக ஜீப் டிரைவரைத் தேடி உன்னை அந்தக் கடைக்கு அனுப்பியவனே நான்தானே.

உங்கள் போதகர் எனக்கு ரொம்ப நாளாகவே புதிர். எங்கள் பூசாரி பூசை முடிந்தால் தன் வீட்டைப் பார்த்துப் போவார். உங்களவரோ யார் சினிமாவுக்குப் போனார், எந்த வீட்டில் சண்டை என்று எல்லாவற்றிலும் தலையிடுவார். காய்ச்சல் என்றால் மாத்திரையோடு முதலில் வருபவரும் அவரே. அந்த மனிதரிடம் உண்மையைச் சொன்னால் என்ன செய்வார் என்று அறியும் ஆவலோடுதான் போனேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வரும் ஞாயிறு உங்கள் கோயிலுக்கு வரச் சொன்னார்.

போனேன். எங்கே உட்காருவது என்றுகூடத் தெரியவில்லை. உன் அம்மாதான் ஆண்கள் பக்கம் பாயைக் காட்டினார். போதகர் மேடை ஏறாமல் நேரே வாசலோரத்தில் போய் நின்றார்.

"விசாரிக்காம ஒருத்தன் பேரைக் கெடுத்துட்டேன். அவன் வந்து மன்னிச்சாத்தான் நான் மேடை ஏறுவேன்" என்றார்.

நானும் பாயைவிட்டு எழுந்து நின்றுவிட்டேன், பொன்ராஜ்.

இது மூன்றாவது வாரம். சபைப் பெரியவரான மூப்பர் ஒருவர் ஜெபம் நடத்துகிறார். போதகர் சாரலில் நனைந்தபடி நிற்கிறார். இரண்டு கல்யாணங்களைச் சபையில் அறிவித்து ஓலை வாசிக்க ஆளில்லை. உன் அம்மா யாரையும் குறை சொல்வதில்லை. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

உனக்கு எழுத வேண்டாம் என்றார் போதகர். கூப்பிட்டு வாங்கினால் அது மன்னிப்பு ஆகாதாம். அந்த நியாயம் எனக்குப் பிடிபடவில்லை, எழுதிவிட்டேன். என்னால்தான் உனக்கு இந்தப் பழி. மன்னிக்க மனம் வராவிட்டாலும் பரவாயில்லை. அவர் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை திட்டவாவது வந்துவிடு.

உன் சாமியும் என் சாமியும் உனக்குத் துணை வரட்டும்.

இப்படிக்கு,
சுருளிவேல்