மணி அடிக்காத எண்

கடை மேசையில் நீ மாட்டிவிட்டுப் போன சாம்பல் நிறப் பெட்டி ஒரு வாரம் என் உயிரை எடுத்துவிட்டது. போன் வரும்போதெல்லாம் அதன் பச்சை விளக்கு மின்னியது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு வரி ஏறியது. வரியின் கடைசியில் 'தெரியாத எண்' என்று வந்தது. ராபர்ட்சன்பேட்டையில் எனக்குத் தெரியாத எண் ஏதடி? எத்தனை வருஷமாக இங்கே ஆக்சிஜன் சிலிண்டர் வாடகைக்கு விடுகிறேன்! கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேரை இருமலை வைத்தே பெயர் சொல்வேன். உன் கம்ப்யூட்டருக்குத்தான் திடீரென்று ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை.

நடந்தது இதுதான். டெலிபோன்காரர்கள் வந்து பழைய கம்பியைக் கழற்றிவிட்டு ஃபைபர் போட்டார்கள். எண் மாறாது, எதுவும் மாறாது என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். நானும் தலையாட்டினேன். எனக்கு என்ன தெரியும்? தெரிந்தவள் நீ. நீதான் போய்ச் சேர்ந்துவிட்டாயே.

பத்து வருஷம் பெங்களூருக்கு ரயிலில் போய்வந்து, ஒரு கம்பெனியில் போன் லைன்களைக் கட்டி மேய்த்தவள் நீ. தொண்டையில் கட்டி என்று தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டு ஆண்டர்சன்பேட்டை வீட்டோடு இருந்தாய். வீட்டோடு இருக்க உனக்கு என்றைக்குத் தெரிந்தது? சிநேகிதியோடு சும்மா பேச வந்தவள், என் கடை நடக்கும் லட்சணத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தாய்.

இந்த ஊர்த் தங்கச் சுரங்கத்தில் தூசி தின்ற நெஞ்சுகளுக்கு மூச்சு வாங்கும்போது பேச்சு வராது. ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள். சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். பஜார் இரைச்சலில், சிலிண்டர் உருட்டும் சத்தத்தில், அந்த ரிங் என் காதில் விழாது. "போன் வந்துச்சா இல்லியான்னே தெரியாம கடை நடத்துறா பாரு," என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னாய்.

அடுத்த வாரமே பெட்டியும் சாஃப்ட்வேருமாக வந்து இறங்கினாய். யார் கூப்பிட்டாலும் எண்ணும் நேரமும் தானாகப் பதிவாகும். பட்டியலில் இருக்கும் எண் என்றால் கூடவே ஒரு ப்ரோகிராம் ஓடும். குடோன் சுவரில் பெரிய மணி அடிக்கும், பிரிண்டரிலிருந்து பெயரும் வீடும் போட்ட சீட்டு வரும், டெலிவரி பார்க்கும் முனிரத்தினம் அண்ணன் அதைக் கிழித்துக்கொண்டு ஆட்டோவில் சிலிண்டரை ஏற்றுவார். பேச முடியாதவர்கள் மொத்தம் பதினோரு பேர். அவர்கள் வீட்டுக்கெல்லாம் நீயே போனாய். முதல் ரிங்குக்குப் பிறகுதான் எண் நம் பெட்டிக்கு வந்து சேரும் என்பதை அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். "ரெண்டு ரிங் போவட்டும், அப்பால கட் பண்ணுங்க." உன் குரல் அப்போதே பாதி போயிருந்தது.

ஃபைபர் வந்த பிறகு இரண்டு நாள் மணியே அடிக்கவில்லை. மழை விட்டு வெயில் வந்ததில் எல்லோருக்கும் மூச்சு சீராக இருக்கிறது போல என்று முனிரத்தினம் அண்ணனிடம் சந்தோஷமாகச் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் நந்திதுர்க் பக்கமிருந்து பச்சையம்மா ஆட்டோ பிடித்து வந்தாள். அந்தப் பதினோரு பேரில் ஒருவரான கோவிந்தசாமி தாத்தாவின் பக்கத்து வீட்டுக்காரி. படி ஏறும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"உங்க மணி இன்னா செத்துப் போச்சா? பெரியவரு காலைலருந்து போன் போட்டுனே கீறாரு. வந்து மூஞ்சியப் பாருங்க."

சிலிண்டரோடு நானும் ஓடினேன். தாத்தாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. போன் இன்னும் கையில் இருந்தது. குழாயை மூக்கில் வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் முகத்துக்கு நிறம் திரும்பியது. அவர் என்னைத் திட்டவில்லை. நான்கு விரலைத் தூக்கிக் காட்டினார். திரும்பி வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தேன். நான்கு முறையும் பதிவாகியிருந்தது. 'தெரியாத எண்' என்று.

அன்றைக்கு உன்னைத் திட்டிய திட்டு மேலே கேட்டிருக்கும். ஒரு தாளில் நாலு வரி எழுதி வைத்திருக்கக் கூடாதா? சாஃப்ட்வேர் விற்றவர்களைக் கூப்பிட்டால் அவர்கள் போனையே எடுக்கவில்லை. போனுக்கு சாஃப்ட்வேர் விற்கிறவன் போனை எடுக்கமாட்டானாம். ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, புரிந்தும் புரியாமலும் இரண்டு நாள் அதன் முன்னால் உட்கார்ந்தேன். கடைசியில் பார்த்தால் விஷயம் ஒரு சைபர். பழைய லைனில் பத்து இலக்கமாக வந்த எண், புது லைனில் முன்னால் ஒரு சைபரோடு வருகிறது. பட்டியலில் சைபர் இல்லை. அதனால் யாரும் யாரோடும் பொருந்தவில்லை. முதல் இலக்கத்தை வெட்டச் சொல்லும் கட்டம் ஒன்று மூலையில் ஒளிந்திருந்தது. அதை நிரப்பி, என் செல்போனைப் பட்டியலில் சேர்த்துக் கூப்பிட்டேன். மணி அடித்தது. முனிரத்தினம் அண்ணன் குடோனிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

அத்தோடு எழுந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

உன்மேல் எனக்கு ஒன்றரை வருஷமாக ஒரு கோபம் இருந்தது. நீ போன அன்று உன் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. போன் உன் கைக்குப் பக்கத்தில் கிடந்தது, பூட்டியிருந்தது, அம்மாவுக்குத் திறக்கத் தெரியாது. என் செல்போனில் உன் கால் இல்லை. கடையில் மணியும் அடிக்கவில்லை. ஊரெல்லாம் என்னைக் கூப்பிடுகிறது, இவளுக்கு மட்டும் கூப்பிடத் தோன்றவில்லையே என்று உன் படத்துக்கு மாலை போடும்போதுகூட முகம் கொடுக்காமல் போட்டேன்.

சரி, இன்னும் யாருக்காவது மணி அடிக்காமல் போகிறதா என்று பார்த்துவிடலாம் என்று மிச்சப் பக்கங்களையும் திறந்தேன். 'பதிவு மட்டும், ப்ரோகிராம் வேண்டாம்' என்று ஒரு தனிப் பட்டியல். அதில் ஒரே ஒரு எண். உன்னுடையது.

அப்புறம்தான் நினைவு வந்தது. மாட்டிய புதிதில் உன் போனிலிருந்து விடாமல் கூப்பிட்டுச் சோதித்தாய். ஒவ்வொரு முறையும் மணி அடிக்க, முனிரத்தினம் அண்ணன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். கடைசியில் வயரைப் பிடுங்கிவிடுவேன் என்று கத்தினார். உன் எண்ணுக்கு இனி மணி அடிக்காது என்று நீ சிரித்துக்கொண்டே ஏதோ தட்டினாய். வேலை முடிந்ததும் அதை எடுக்க மறந்துவிட்டாய். எனக்கும் தோன்றவில்லை.

அந்தத் தேதியின் பதிவைத் திறந்தேன். காலை பத்து மணிக்கு மேல், உன் எண், மூன்று முறை.

நான் கடையில்தான் இருந்தேனடி. பின்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நீ என்னைக் கூப்பிடாமல் மணியைக் கூப்பிட்டிருக்கிறாய். செல்போனை நான் எடுப்பதே இல்லை என்று தெரிந்தவள், நீ கட்டிய மணியை நம்பியிருக்கிறாய். உன் கட்டிலருகே நான் வைத்த சிலிண்டர் தீர்ந்ததா, வலி தாங்கவில்லையா, சும்மா நான் பக்கத்தில் வேண்டும் என்று தோன்றியதா, அதெல்லாம் எந்தப் பதிவிலும் இல்லை. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். முனிரத்தினம் அண்ணன் கேட்டதற்கு மறுபடி ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன். அவரிடம் இதை எப்படிச் சொல்வது?

இத்தனை நாள் உன்மேல் வைத்திருந்த கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. கொஞ்சம் இன்னும் உன்மேலேயே இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். மீதி எல்லாம் என்மேல்தான்.

மணி இப்போது ஒழுங்காக அடிக்கிறது. ஆனாலும் அதன் மௌனத்தை நான் நம்புவதில்லை. காலையில் கடையைத் திறந்ததும் பதினோரு பேரையும் நானே கூப்பிடுகிறேன். கோவிந்தசாமி தாத்தாவுக்கு எரிச்சல். "கீறேம்மா, உயிரோடதான் கீறேன்," என்கிறார், பேச்சு வருகிற நாட்களில். பேச்சு வராத நாட்களில் அவரும் மற்றவர்களும் போனை விரலால் ஒருமுறை தட்டுகிறார்கள். அந்தத் தட்டு காதில் விழும்வரை நான் போனை வைப்பதில்லை.