சாம்பல் நிறக் கவுன்

பாரிஸ்,
1954 பிப்ரவரி 21, இரவு

அன்புள்ள கிஸ்லேன் அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதீர்கள். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அந்தப் பச்சைக் கவுனின் வடிவத்தை நீங்கள் விற்றுவிட்டதாகச் சொல்லித்தானே உங்களை வேலையை விட்டு அனுப்பினார்கள்? அப்பா எடுத்த படம் பத்திரிகையில் வரும் முன்பே அதே கவுன் ஒரு மலிவுக் கடையில் தொங்கியதாம். நேற்றுப் பள்ளி விட்டதும் போய்ப் பார்த்தேன். அதே காலர், அதே இடுப்பு மடிப்பு. நிறம் மட்டும் சாம்பல்.

அதை உடுத்திப் படத்துக்கு நின்ற உங்களுக்குப் பச்சை என்று தெரியும். துணியை மூடிக் கொண்டுவந்து, அப்பா படம் எடுத்து முடிக்கும்வரை காவல் உட்கார்ந்திருந்த தையல் மாளிகை மதாம் ஒர்தான்ஸுக்கும் தெரியும். அப்பாவின் கறுப்பு வெள்ளைப் படத்தில்தான் அது சாம்பல். கடைக்குத் தைத்தவள் உண்மையான கவுனைப் பார்க்கவில்லை அக்கா, படத்தைத்தான் பார்த்திருக்கிறாள்.

படத்தைக் கொடுத்தது நான். இருட்டறையில் அப்பா கழித்துப் போட்ட பிரதி அது. "உங்கப்பா கல்யாணப் போட்டோதானே எடுப்பாரு" என்று வகுப்பில் கேலி செய்த நதேஜிடம் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு நாள் வச்சுட்டுத் தரேன்டி" என்றாள். அவள் சித்தி தையல்காரி என்று தெரிந்தேதான் கொடுத்தேன்.

நான் என்ன செய்யட்டும்?

உங்கள்
எலியான்

*

ருவான்,
பிப்ரவரி 25

என் எலியான் குட்டிக்கு,

அடுப்பில் போட்டாயிற்று. நீயும் இதைப் போட்டுவிடு.

வாயைத் திறக்காதே. படம் உங்கள் வீட்டிலிருந்து போனது என்று தெரிந்தால், எந்தத் தையல் மாளிகையும் இனி உன் அப்பாவை நம்பித் துணி அனுப்பாது.

நான் அம்மாவோடு இருக்கிறேன். ஒரு கையுறைக் கடையில் வேலை கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இங்க அழகா நின்னா மட்டும் போதாதும்மா, ஓடணும்" என்றார். பாரிஸில் இனி யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். பழகிக்கொள்ளத்தான் வேண்டும்.

சாம்பல் நிறத்துக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கவுன் தொங்கிய அந்த மலிவுக் கடைக்கு மதாம் ஒர்தான்ஸும் உன் அப்பாவும் சேர்ந்துதான் போனார்கள். திரும்பி வந்து, "நிறத்தை மாத்திட்டா தெரியாதுன்னு நெனச்சியா?" என்று மதாம் என்மேல் பாய்ந்தாள். உன் அப்பா தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்காக வருந்துகிறார் என்று நினைத்தேன்.

பாடத்தைக் கவனி.

அன்புடன்
கிஸ்லேன்

*

பாரிஸ்,
பிப்ரவரி 27, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாதான் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ருவான் தபால் முத்திரையைப் பார்த்திருப்பார். ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

"அப்பா, பச்சைத் துணி உங்க படத்துல எப்படித் தெரியும்?"

"சூப் ஆறுது, சாப்பிடு."

"சொல்லுங்கப்பா."

"சாம்பலாத் தெரியும்." ரொட்டியை வெட்டினார். "கிஸ்லேன் சின்னப் பொண்ணு. வேற வேலை கெடச்சிரும்."

படம் என்னிடமிருந்துதான் போனது என்று கடை வாசலிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, அக்கா. எனக்காக உங்களைப் பலிகொடுத்துவிட்டார். அவரை வெறுக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவர் பேசாமல் நின்றார். நானோ பேச வேண்டியவள்.

உங்கள் சொல்லை மீறிவிட்டேன். இன்று மாலை மூலைக் கஃபேயிலிருந்து மதாம் ஒர்தான்ஸுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். மறுபடியும் ஒருமுறை சொல்ல வைத்தாள். பிறகு, "உங்கப்பனுக்குத் தெரியுமாடி?" என்றாள். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

அவள் இப்போது வந்திருக்கிறாள். கூடத்தில் பேசுவது கேட்கிறது. அப்பா சொல்கிறார்: "புள்ள பொய் சொல்லுது மதாம். என்னைக் காப்பாத்தப் பாக்குது. படத்தை வித்தது நான்தான்."

என் பழியைச் சுமக்க மறுபடியும் வேறொருவர்.

என் அறைக் கதவைத் தட்டுகிறார். மெல்லிய குரலில், "எலியான், தூங்குற மாதிரியே இரு. வெளிய வராதே" என்கிறார்.

இல்லை அக்கா, கதவைத் திறக்கப் போகிறேன். நான்