ஐந்துக்கு அடுத்தது இருபத்தாறு

ஜூன் 14, ஞாயிறு

இன்றைய பெயர்சூட்டல்கள். வீட்டு வைஃபை: "ஓசி கிடையாது". அப்பாவின் போனில் அம்மாவின் நம்பர்: "மேலிடம்". மத்தியானம் கடையிலிருந்து தேங்காய் வேண்டுமா என்று கேட்க அம்மா கூப்பிட்டாள். அப்பா சோபாவை விட்டு எழுந்து நின்று, "சொல்லுங்க சார்" என்றார். பதினாறு வருட வாழ்க்கையில் என் தலைசிறந்த படைப்பு.

(தமிழ் எழுத்து மறந்துவிடக் கூடாது என்று, அட்டையில் தேஜஸ்வினி என்று என் பெயரை எழுதி அப்பா வாங்கித் தந்த நோட்டு இது. மறக்கவில்லை அப்பா. எவ்வளவு நல்ல காரியங்களைப் பதிவு செய்கிறேன் பாருங்கள்.)

அம்மா மறுபடியும் ஒரு பேனலை வீட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறாள். பேனல் என்றால் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினின் முகம். பிளவுசில் மயில், மாங்காய் எல்லாம் போடுமே, அந்த மெஷின். அதற்கு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதுவதுதான் செகந்திராபாத்தை ஒட்டி உப்பலில் இருக்கும் அம்மா கம்பெனியின் வேலை. அதில் எனக்கும் ஒரு உத்தியோகம் உண்டு. பெயர், குரங்கு டெஸ்ட். நான் வைத்த பெயர் அல்ல, தொழிலிலேயே அப்படித்தான் சொல்வார்களாம். பேனலைக் கையில் கொடுத்துவிட்டால் கண்டபடி அமுக்க வேண்டும். எங்கே ஹேங் ஆகிறது என்று அம்மா பார்த்துக்கொள்வாள். தகுதியான ஆளைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு சோதனைப் பதிப்பிலும் "லேபிள்" என்று ஒரு கட்டம் இருக்கும். ஆபீசில் பத்துப் பேனல் ஓடும்போது எங்கள் வீட்டுப் பேனலைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம், அவ்வளவுதான். வெளியே யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் என் இஷ்டம். போன தடவை "கும்பகர்ணன்" (ஆன் ஆக நாலு நிமிஷம்). அதற்கு முந்தியது "ஷர்மா அங்கிள்" (பக்கத்து வீட்டுக்காரர் மாதிரியே காரணமே இல்லாமல் சத்தம் போட்டது).

ஜூன் 17, புதன்

அம்மா உர்ரென்று இருக்கிறாள்.

இத்தனை நாளும் அவர்கள் பதிப்புகளுக்குப் புடவை நெய்யும் ஊர்களின் பெயரைத்தான் வைத்தார்கள். முதலில் போச்சம்பள்ளி. அப்புறம் கத்வால், வெங்கடகிரி, மங்களகிரி. ஐந்தாவது உப்பாடா. ஆறாவதற்கு நாராயணபேட் என்று டீமில் எப்போதோ பேசி வைத்திருந்தார்கள், பிறக்கும் முன்பே பெயர் வைத்த பிள்ளை மாதிரி. இப்போது மார்க்கெட்டிங்குக்குப் புதிதாக ராகவேந்திரா சார் வந்திருக்கிறார். புடவை ஊர் வெளிநாட்டில் யாருக்கும் புரியாதாம். பெரிய கம்பெனிகளே வருஷ எண்ணுக்கு மாறுகிறதாம். அதனால் இது "ஃப்யூஷன் 26". கடைகளின் திரையில் வெறும் 26.

"ஆறுன்னாவது வைங்கன்னேன். இருபத்தாறுதான்னு சொல்லுதாரு" என்றாள் அம்மா. அவள் பேச்சில் திருநெல்வேலி தலைகாட்டினால் நிஜமாகவே கோபம் என்று அர்த்தம்.

ஐந்துக்கு அடுத்தது இருபத்தாறு. கிளாசில் நான் இப்படி எண்ணினால் வெளியே நிற்க வைப்பார்கள்.

கொஞ்சம் தேடிப் படித்தேன். இந்த உலகமே இப்படித்தான் இருக்கிறது. ஒரு போன் கம்பெனி வரிசையாகப் பலகாரப் பெயர் வைத்துவிட்டு ஒரு நாள் டயட் ஆரம்பித்தது. இன்னொன்று எட்டுக்கு அப்புறம் நேராகப் பத்து. ஒன்பது என்ன பாவம் செய்தது? மற்றொன்று புலி, சிறுத்தை, சிங்கம் என்று காட்டையே காலி செய்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்பியது. பெயர் வைப்பதற்கென்று சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

ஜூன் 20, சனி

சாப்பிடும்போது விஷயம் வெளியே வந்தது. சோதனைக்கென்று நாற்பது கடைகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஜூலை 31க்குள் அதில் முப்பது கடைகளாவது புதுப் பதிப்புக்கு மாறியிருக்க வேண்டும். மாறாவிட்டால் உப்பல் டீமைக் கலைத்து புனே ஆபீசோடு சேர்த்துவிடுவார்கள். அம்மா அங்கே போக வேண்டும். அப்பாவுக்கு மத்திய அரசு ஆய்வுக்கூட வேலை. அவரை இங்கிருந்து அசைக்க முடியாது.

அப்போ நான்? யார் பக்கம்?

"அதெல்லாம் மாறிருவாங்க" என்றாள் அம்மா, பொரியலைப் பார்த்துக்கொண்டு.

ஜூன் 21, ஞாயிறு

புனேயை வைத்து ஒரு ஜோக்கும் தோன்றவில்லை. எனக்கு இது நல்ல அறிகுறி இல்லை.

ஜூலை 5, ஞாயிறு

முதல் தேதியிலிருந்து நாற்பது கடைத் திரைகளிலும் "26 தயார்" என்று வருகிறது. மாறியவை இரண்டு.

நாச்சாரத்தில் தாயம்மாள் அக்கா கடைக்கு அம்மாவின் பிளவுஸ் கொடுக்கப் போனேன். அதுவும் நாற்பதில் ஒன்று. அக்கா சேலத்திலிருந்து வந்து முப்பது வருஷம் ஆகிறது. தமிழில் பாதிக்கு மேல் செகந்திராபாத் கலந்துவிட்டது. நான் நிற்கும்போதே திரையில் 26 வந்தது. அக்கா ஈயை விரட்டுகிற மாதிரி "அப்புறம்" பொத்தானைத் தட்டினார். ஏன் என்று கேட்டேன்.

"நக்கோ பாப்பா, வேணாம். எங்கிட்ட இருக்கிறது அஞ்சு. ஆறு வந்தா போட்டிருப்பேன். இவன் இருபத்தாறுன்றான். நடுவுல இருபது எங்க போச்சு? அதெல்லாம் போடாம நேரா இத போட்டா மெஷினுக்குப் பைத்தியம் புடிச்சிடாதா?"

நடுவில் எதுவுமே இல்லை அக்கா, ஐந்துக்கு அடுத்தது இதுதான் என்றேன்.

"அப்ப கைக்கு இருபத்தாறு?"

கைக்கு என்றால் அக்கா பாஷையில் ஏன். ஏன் என்று என்னிடம் கேட்டால்? அக்கா தொடர்ந்து சொன்னதில் விஷயம் இருந்தது. நம் மெஷின் இருபது பதிப்பு பின்தங்கிவிட்டது, புதுசு வாங்க வைக்கத்தான் இந்த எண் என்று கடைக்காரர்களின் வாட்ஸப் குழுவில் பேசிக்கொள்கிறார்களாம். தலைக்கு மேல் சிராவண மாசப் பண்டிகை ஆர்டர் இருக்கும்போது யார் தொட்டுப் பார்ப்பார்கள்?

அம்மாவிடம் வந்து ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். தட்டை வைத்துவிட்டு முழுதும் கேட்டாள்.

ஜூலை 8, புதன்

ராகவேந்திரா சாரின் பதில் வந்துவிட்டது. கடைகளுக்கு விழிப்புணர்வு போதவில்லையாம். போஸ்டர் அனுப்பியிருக்கிறார். போஸ்டரில் 26 இன்னும் பெரிது.

ஜூலை 12, ஞாயிறு

மாறியவை நாலு. அம்மா சண்டை போட்டுப் பாதி ஜெயித்திருக்கிறாள். திரையிலிருந்து எண்ணை எடுத்துவிடலாம் என்று சார் சம்மதித்துவிட்டார். பதிலுக்கு என்ன பெயர் என்பதை ஒரு கமிட்டி முடிவு செய்யுமாம். அதுவரை அந்த இடம் காலி. எண் இல்லாத பதிப்பு வியாழனன்று போகிறது, அதைத்தான் இன்று அமுக்கினேன்.

இந்தப் பதிப்பு ஒரு டிசைனை ஆரம்பிக்கும் முன் எல்லாவற்றையும் நோட்டம் விடுகிறது. நூல் தளர்ந்திருக்கிறது. ஊசி மழுங்கியிருக்கிறது. துணியைச் சரியாக மாட்டினாயா? நிஜமாகவா? முதல் தடவை மருமகள் சமையலறைக்குள் நுழைகிற மாமியார்தான். லேபிளில் தெலுங்கிலேயே போட்டேன்: "அத்தகாரு".

அம்மா பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஒரு வாரமாயிற்று அவள் சிரித்து.

ஜூலை 16, வியாழன்

எப்படி எழுதுவது.

பெயர் இருக்கும் இடம் காலியாக இருந்தால் மெஷின் சும்மா இருக்காதாம். தேடிப் போய் லேபிளை எடுத்துப் போட்டுக்கொள்ளுமாம். இத்தனை வருஷமும் அந்த இடம் காலியாக இருந்ததே இல்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. இன்று காலை முப்பத்தாறு கடைகளில் திரையைப் போட்டதும் தெலுங்கில் வந்த வாசகம்:

"அத்தகாரு ரெடி. இப்புடே பெட்டாலா?"

மாமியார் ரெடி. இப்போதே வைக்கவா?

ராகவேந்திரா சார் யார் வேலை இது என்று கத்தியிருக்கிறார். அம்மா, "என் தப்பு சார், லேபிளை அழிக்காம அனுப்பிட்டேன்" என்றிருக்கிறாள். என் பெயரைச் சொல்லவில்லை. இதை அவள் அப்பாவிடம் சமையலறையில் சொன்னபோது எனக்குக் கேட்டது.

போய் முன்னால் நின்றேன். திட்டுவாள்னு பார்த்தேன். திட்டினா நல்லாருந்திருக்கும். "ஏட்டி, நீ எப்பவும் செய்யிறதத்தான் செஞ்சே. பாக்க வேண்டியவ நான், பாக்கல" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் அரிசி கழுவப் போய்ட்டா.

நான்தான் அவளைப் புனேக்கு அனுப்பப்போறேனா?

ஜூலை 17, வெள்ளி

வைஃபை பெயரைப் பழையபடி மாற்றிவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

ஜூலை 18, சனி

தலையைக் குனிந்துகொண்டே தாயம்மாள் அக்கா கடைக்குப் போனேன். அக்கா மாறியிருந்தார். நேற்றே.

"எண்ணைப் பாத்தா பயமா இருந்துச்சு. இதுல என்ன பயம்? வீட்ல ஒருத்தி இருந்தா, இப்ப கடைல ஒருத்தி" என்று சிரித்தார். வாட்ஸப் குழுவில் எல்லாரும் ஒருவரை ஒருவர் அத்தகாரு வந்தாச்சா, வந்தாச்சா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கடைக்காரர் திரைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் படம் போட்டிருந்தார்.

ராத்திரி முழுக்க விசில் அடித்திருப்பேன். ஆனால் அம்மா வேறு ஒன்று சொன்னாள். உப்பலில் புஷ்பம்மா என்பவர் மருமகளோடு கடை நடத்துகிறார். வியாழன் காலை மருமகள் திரையை உரக்கப் படித்திருக்கிறாள். வேலை செய்கிற பெண்களெல்லாம் புஷ்பம்மாவைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அவர் மெஷினை அணைத்துவிட்டுக் கம்பெனி முதலாளிக்கே போன் போட்டுவிட்டார். சீசனில் மூன்று நாளாக மெஷின் ஓடவில்லை. திங்களன்று அம்மா போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இதில் சிரிக்க எதுவும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

ஜூலை 20, திங்கள்

நானும் வருகிறேன் என்றேன். ஜூனியர் காலேஜ் இருக்கே என்றாள். ஒரு நாள்தானே என்றேன். அவளுக்கு என்னைத் தெரியும்.

ராகவேந்திரா சார் ஸ்வீட் பாக்ஸுடன் ஏற்கெனவே கடையில் உட்கார்ந்திருந்தார். அம்மா ஆரம்பிக்கும் முன் நான் தெலுங்கில் சொல்லிவிட்டேன், அந்தப் பெயரை டைப் செய்தது நான் என்று. சாரின் கையில் பாக்ஸ் அப்படியே நின்றது. புஷ்பம்மா சாரைப் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தார். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டார். எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்துக் குறை சொல்கிறது, அதனால் என்றேன். அந்த முகத்தைப் பார்த்து யாராலும் பொய் சொல்ல முடியாது.

மெஷினைப் போடு, அது என்ன சொல்கிறது என்று பார்க்கிறேன் என்றார். போட்டேன். புதுப் பதிப்பை ஏற்றினேன். நூல் தளர்ந்திருக்கிறது என்றது. அவர் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். தளர்ந்துதான் இருந்தது. தையல் சுருங்குகிறது என்று போன வாரமே தான் சொன்னதாகவும் யாரும் கேட்கவில்லை என்றும் சொன்னார். மருமகள் நூல்கண்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

அப்புறம் புஷ்பம்மா சொன்னது: வெளியில் யார் என்ன பெயர் சொன்னாலும் அவருக்குக் கவலையில்லை. அவருடைய கடையில், அவருடைய திரையில், அவரைப் பார்த்துச் சிரிக்கிற பெயர் இருக்கக் கூடாது.

சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுகிறோம் என்றாள் அம்மா.

பதிலுக்கு என்ன, மறுபடியும் அந்த இருபத்தாறா என்று கேட்டார் புஷ்பம்மா. முன்பு ஊர்ப் பெயர் வந்துகொண்டிருந்ததே, அதற்கு என்ன ஆயிற்று? ஊர்களுக்கு வரிசை இல்லை. நடுவில் எது விட்டுப்போனது என்று யாரும் எண்ணப்போவதில்லை என்றார்.

அம்மா ராகவேந்திரா சாரைப் பார்த்தாள். சார் ஸ்வீட் பாக்ஸைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் சார் என்னிடம் சொன்னார்: "நீங்க எங்க ஸ்டாஃப் இல்லன்னு சந்தோஷப்படறேன்மா." "நானும்தான், சார்" என்றேன். அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. சாட்சிக்கு அம்மா இருக்கிறாள்.

ஜூலை 23, வியாழன்

திரையில் இப்போது: "நாராயணபேட் தயார்". வெளிநாட்டு விளம்பரத்தில் மட்டும் 26 இருக்குமாம், இருந்துவிட்டுப் போகட்டும். மாறியவை இருபத்தேழு. புஷ்பம்மா கடையும் அதில் ஒன்று. தாயம்மாள் அக்கா மட்டும் இன்னும் அத்தகாரு என்றேதான் சொல்கிறார். கடைகளில் வைத்த பெயரை எந்த அப்டேட்டாலும் மாற்ற முடியாது போலிருக்கிறது.

ஜூலை 28, செவ்வாய்

இருபத்தொன்பது. இரண்டு நாளாக இருபத்தொன்பது. யாராவது ஒரு ஆள், ஒரே ஒரு விரல்.

ஜூலை 31, வெள்ளி

முப்பத்துமூன்று!

அம்மா ஆபீசிலிருந்து அப்பாவுக்குக் கூப்பிட்டாள். திரையில் "மேலிடம்". அப்பா எழுந்து நின்றார். "சொல்லுங்க சார்" என்றார். கேட்டார், தலையை ஆட்டினார், "ரொம்ப சந்தோஷம் சார், வரும்போது பால் வாங்கிட்டு வாங்க" என்று வைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

எத்தனை நாளாகத் தெரியும் அவருக்கு?

ஆகஸ்ட் 16, ஞாயிறு

அம்மா பேனலோடு வந்தாள். ஏழாவது பதிப்பு. இப்போது சாதாரணமாகப் பேனலைத் தூக்கிக்கொண்டு வருகிறாள், வந்ததும் காபி கேட்கிறாள். லேபிள் கட்டம் காலியாக இருந்தால் இனி மெஷின் "பெயரிடப்படவில்லை" என்று மட்டும்தான் காட்டுமாம், முதல் வேலையாக அதைத்தான் எழுதினாளாம்.

ஆனால் கட்டம் காலியாக இல்லை. அவளே நிரப்பியிருந்தாள்.

லேபிள்: தேஜஸ்வினி. 
தெரிந்த குறைகள்: சொன்னதைக் கேட்காது. கேட்காததைச் சொல்லும். தொட்டதற்கெல்லாம் பெயர் வைக்கும்.

நான் நிமிர்ந்தபோது அம்மா பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள், தலைகீழாகப் பிடித்து.

ஒரு மணி நேரம் கண்டபடி அமுக்கிப் பார்த்தேன். ஹேங் ஆகவில்லை.