பாதிரியார் வீட்டின் பின்படிகள்

அன்பான என் அப்பாவுக்கு,

நேற்று உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பதினெட்டு வருடம் நீங்கள் துடைத்த வீட்டை வேறெப்படிச் சொல்வது? வீட்டுக்காரி சிஞ்ஞோரா இறந்துவிட்டார். அவர் மகன் வீட்டை விடுதியாக்கப் போகிறார். பழைய கட்டடங்களை ஆராயும் அலுவலகத்தில் எனக்குத் தந்த முதல் வேலை அந்த வீட்டைப் பார்ப்பதுதான்.

அதன் கதை இப்போது தெரியும், அப்பா. இங்கே இத்தாலியில் வியாபாரம் செய்த ஆங்கிலேயர்கள் தங்கள் பாதிரியாருக்கு இங்கிலாந்து வீட்டைப் போலவே கட்டிக்கொடுத்தார்கள். பனி வழிந்து விழச் செங்குத்தான கூரை. வெயிலை உள்ளே அழைக்கப் பெரிய சன்னல்கள். பலெர்மோ வெயிலுக்கு நீங்கள் அவற்றைச் சாத்தியே வைத்தீர்கள். விருந்தினருக்கு முன்வாசல், பாதிரியாரிடம் குறை சொல்ல வருபவர்களுக்குப் பக்கவாசல், வேலைக்காரருக்குப் பின்வாசல்.

நான் பின்வாசலால் போனேன். பழக்கம். சப்பாத்தையும் கழற்றிவிட்டேன்.

"இது பள்ளிவாசல் இல்லை, டொத்தொரெஸ்ஸா. பாதிரி வீடு" என்று கூட வந்த பொறியாளர் சிரித்தார். பட்டம் பெற்றவளை அப்படித்தான் அழைக்கிறார்கள். உங்கள் பெயரைக்கூட அங்கே யாரும் முழுதாகச் சொன்னதில்லை.

சமையலறைக்குப் பின்னாலுள்ள வேலைக்காரர் படிகளை மகன் இடிக்க விரும்புகிறார். பிற்காலத்தில் சேர்த்தவை என்று நான் அறிக்கையில் எழுதினால் இடிக்கலாம். வீட்டோடு கட்டியவை என்றால் கைவைக்க முடியாது. பழைய வரைபடமும் இல்லை. "எழுதிவிடுங்கள், யார் பார்க்கப்போகிறார்கள்?" என்றார் பொறியாளர். தலையாட்டினேன். களைத்திருந்தேன், அப்பா.

வெறுங்காலோடு ஏறினேன். மூன்றாம் படியில் கால்விரல் சுவரோரம் பட்டது. படிக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளியே இல்லை. அந்தப் படியில்தான் மத்தியானச் சோறு சாப்பிடுவீர்கள். அங்கே ஒருநாள் நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது.

"இந்தப் படியெண்டா எனக்குச் சுகம், பிள்ளை. சுவரோரம் ஊத்தை நிக்க இடமில்லை. முன்பக்கத்துப் பளிங்குப் படியெல்லாம் குச்சியாலை கிண்டவேணும்."

"ஏனப்பா அப்பிடி?"

"சுவரையும் படியையும் ஒண்டாக் கட்டினவங்களோ தெரியேல்லை. நீ படிச்சுப்போட்டு வந்து சொல்லன்."

சுவர்ப் பூச்சைக் கொஞ்சம் சுரண்டச் சொன்னேன். ஒவ்வொரு படிக்கல்லும் சுவருக்குள் ஒரு சாண் போயிருந்தது. சுவர் எழும்போதே வைத்த கற்கள். பிற்காலத்தில் ஒட்டியவை அந்தப் பளிங்குப் படிகள்தாம். பொறியாளர் பிறகு சிரிக்கவில்லை.

மகன் தொலைபேசியில் சத்தம் போட்டார். "படிகள் இருக்கவேண்டியவை" என்று மட்டும் சொன்னேன். அடுத்த மாதம் இந்த வேலை இருக்குமா? ஒரேத்தோ தெருவிலுள்ள நம் வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது, "ஓம், கொப்பரும் உப்பிடித்தான். கதைக்கவும் மாட்டார், அசையவும் மாட்டார்" என்று உங்களைச் சொன்னார். பிறகு தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

அறிக்கையில், படிகளை முதலில் கவனித்தவர் யார் என்ற இடத்தில் உங்கள் முழுப் பெயரை எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை கையளிப்பேன். யார் கேட்டாலும் அந்த வரியை எடுக்கமாட்டேன்.

ஒன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள், அப்பா.

படித்துவிட்டு வந்து சொல்லும்
உங்கள் பிள்ளை